மழையே பெய்யாத நாவல்

காலையில் பெங்களூருக்குப் போகும் மாரிக்குப்பம் ரயில் ஒயிட்ஃபீல்டைத் தாண்டும்போது பால்ராஜ் கடைசிப் பக்கத்தை மூடினான். இவ்வளவுதானா?

பழைய காலத்து ஆங்கில நாவல். கூட வேலை பார்க்கும் மெர்சி, "இது என் உயிருப்பா" என்று சொன்னதற்காகவே வாங்கினான். அவள் உயிரைப் படித்தால் மனசு பிடிபட்டுவிடும் என்று நம்பினான். உள்ளே யாரோ யாரையோ டீக்குக் கூப்பிட்டார்கள். போகலாமா வேண்டாமா என்று ஒரு அத்தியாயம் முழுக்க யோசித்தார்கள். ஜன்னல் காற்றில் அவனுக்குக் கண் சொக்கும். கனவிலும் அதே டீ ஆறிக்கொண்டிருக்கும்.

"முடிச்சிட்டியா? எப்டி இருந்துது?" ஆபீஸ் லிஃப்டில் மெர்சி கேட்டாள்.

ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டான். "சூப்பர்."

"எந்த சீன் புடிச்சுது?"

"அந்த... மழை சீன்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். மெர்சியின் கண்கள் பளபளத்தன.

"ஐயோ, அதுல நான் அழுதுட்டேன்!"

பால்ராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் மழை பெய்திருக்கிறது, இவன்தான் தூங்கியிருக்கிறான். மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினான். ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டியதும் வெளியே நிஜ மழை பிடித்துக்கொண்டது. தைலமரங்கள் கரைந்து சாம்பல் நிறமாய் மிதந்தன. புத்தகத்தில் மட்டும் வெயில் சுள்ளென்று அடித்தது.

"இன்னுமா அத வெச்சினு கீற?" என்றாள் மெர்சி.

"ரெண்டாவது வாட்டி படிக்கிறேன். அவ்ளோ ஆழம்."

"அப்டியா! ஞாயித்துக்கெழம கப்பன் பார்க்ல எங்க புக் க்ளப் கீது. நீ வந்து அந்த மழையப் பத்திப் பேசணும்."

மூங்கில் நிழலில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இலைகளுக்கு நடுவே ஒழுகிய வெளிச்சம் மெர்சியின் முகத்தில் அசைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

"மன்னிச்சிடுங்க. ரெண்டு வாட்டி படிச்சிட்டேன். இதுல எங்கியும் மழை இல்ல. எனக்குப் புடிக்கவும் இல்ல, தூக்கம்தான் வந்துது. மெர்சிக்காகத்தான் படிச்சேன்."

மெர்சி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லாம் போச்சு என்று பால்ராஜ் எழுந்து செருப்பைத் தேடினான்.

க்ளப்பை நடத்தும் கிளிஃபர்ட் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"எங்க போறீங்க பிரதர்? மெர்சியயும் சேத்து, இங்க அத முழுசாப் படிச்ச மொத ஆளே நீங்கதான்!"