பலூனுக்குள் நான் எழுதிய வசனம்

நூலகத்தில் பிள்ளைகள் பிரிவைக் கட்டி ஆளும் என் அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, மகள் வாலு மூவரும் நலம். உன் நலமும் உன் வீட்டுக்காரர் நலமும் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய புத்தகப் பெட்டியை வந்து எடுத்துக்கொண்டு போ.

கோபப்படாதே. முழுக்க வாசித்துவிட்டு அப்புறம் கோபப்படு. நான் உன்னிடம் கேட்டது என்ன? வாலு பத்து வயது முடிந்தும் புத்தகத்தைத் திறந்தால் திக்கித் திணறுகிறாள், எழுத்துகள் அவள் கண்ணெதிரே இடம் மாறி ஓடுகின்றனவாம், விடுமுறை முடிந்ததும் தலைமை ஆசிரியை முன்னால் ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தோழிகள் எல்லோரும் மேல் வகுப்புக்குப் போக இவள் மட்டும் பழைய வகுப்பிலேயே உட்கார வேண்டும், அதனால் நல்ல கெட்டியான பயிற்சி நூல் ஒன்று அனுப்பு என்றுதானே கேட்டேன்? நீயோ தொலைபேசியில், "இளம் வாசகர்களுக்கு நான் சிபாரிசு பண்ற புத்தகம் அண்ணே, இதில எல்லா விதமான பிள்ளைங்களும் இருக்காங்க, வாலுவும் எங்கயாவது இருப்பா" என்று புதிர் போட்டுவிட்டு, ஒரு பெட்டி நிறைய படக்கதைகளை அனுப்பிவைத்தாய். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் தினமும் பாடப்புத்தகத்தை வைத்து அடித்துக்கொண்டிருந்தேன், அம்மி நகராமல் அழுதுகொண்டிருந்தது, அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது உன் பெட்டி.

என் உத்தியோகம் உனக்குத் தெரியும். ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடி பார்த்தாயா, திரும்பும்முன் சிக்னல் கொடுத்தாயா என்று பார்த்துத் தேர்ச்சி, தோல்வி போடுகிற வேலை. என் கையெழுத்து கிடைப்பதற்குள் பலருக்கு வண்டி ஆசையே விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கண்ணோடுதான் உன் புத்தகங்களையும் எடுத்தேன். முதலாவது, செயற்கைக் கால் வைத்த ஒரு கோல்கீப்பர் பெண்ணின் கதை. கடைசி ஆட்டத்தில் ஜெயிப்பாள் என்று நான் நம்பி உட்கார்ந்திருக்க, கதை எந்த சிக்னலும் கொடுக்காமல் திரும்பி, அவள் தோற்றுப்போய்ச் சிரிக்கிறாள். தோல்வி போட்டேன். அடுத்தது, நடனம் ஆடத் துடிக்கும் ஒரு குண்டுப் பையனின் கதை. பக்கத்துக்குப் பக்கம் அவன் அப்பா திட்டிக்கொண்டே இருக்கிறார், எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று, ஆனால் கடைசியில் அவரே எழுந்து கைதட்டுகிறார், ஏன் என்று ஒரு விளக்கமும் இல்லை. அதுவும் தோல்வி. இப்படியே தேநீர் ஆறுவதற்குள் ஐந்து புத்தகங்களை முடித்துவிட்டேன். உன் அண்ணி எட்டிப் பார்த்து, "ஏங்க, படத்தைப் பாக்கவே இல்லையா நீங்க?" என்றாள். "படம் எதுக்கு? ஆளுங்க வாய்கிட்ட பேச்சு எழுதுற பலூன் இருக்கே, அதுக்குள்ள எழுதியிருக்கிறதைப் படிச்சா போதாதா?" என்றேன். அவள் பெட்டியிலிருந்து எழுத்து மட்டுமே உள்ள தடிமனான நாவல் ஒன்றை, கண் தெரியாத ஒரு பையன் துப்பறிகிற கதையாம், எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அன்று பால் பொங்கி அடுப்பு அணைந்ததும் சோறு அடிப்பிடித்ததும் தனிக்கதை.

ஆறாவது புத்தகத்தில்தான் வினை. ஊரில் சண்டை மூண்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு நாட்டுக்கு வந்து சேரும் ஒரு சிறுமி. பள்ளிக்கூடம், பேருந்து, கடை என்று எங்கே போனாலும் மற்றவர்கள் பேசுகிற பலூன்களுக்குள் எழுத்தே இல்லை. கொக்கியும் புழுவும் புள்ளியுமாக ஏதோ கிறுக்கல். ஒரு பக்கம் இரண்டு பக்கம் என்றால் போகட்டும் என்று விடலாம், பாதிப் புத்தகம் அப்படியே. அச்சகத்துக்காரர் தூங்கிவிட்டார் என்று முடிவுகட்டினேன். தங்கையின் நூலகத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில், இந்த இடத்தை உட்கார்ந்துகொண்டு வாசி, என் அலுவலகப் பேனாவை எடுத்து ஒவ்வொரு பலூனிலும் பொருத்தமான வசனத்தை நானே எழுதி நிரப்பினேன். ஆசிரியையின் பலூனில், 'வாம்மா, முதல் வரிசையில் உட்கார்.' பேருந்து நடத்துநருக்கு, 'படியில் நிற்கக் கூடாது.' சாலையோரம் நின்ற முதியவருக்கு, 'இரு பக்கமும் பார்த்துக் கடக்கவும்.' கையெழுத்து முத்து முத்தாக வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

வாலு அந்தப் புத்தகத்தைத்தான் தலையணைக்கு அடியில் வைத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வந்தாள், திறந்தாள், இரண்டு பக்கம் புரட்டினாள், ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க!"

"அச்சுப்பிழைம்மா. அப்பா சரி பண்ணிட்டேன்."

"பிழை இல்லப்பா! அவங்க பேசுறது அந்தப் பொண்ணுக்குப் புரியல. அவளுக்கு அப்படித்தான் தெரியுது. போகப் போக ஒண்ணொண்ணா எழுத்து தெரிய ஆரம்பிக்கும். கடைசியிலதான் எல்லாம் புரியும். நீங்க முதல் நாளே எல்லாத்தையும் புரியவச்சிட்டீங்க!"

நான் பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஏதோ சாதாரண விஷயம்போல, "எனக்கும் புத்தகத்தைத் திறந்தா இப்படித்தான்பா தெரியும்" என்றாள்.

தங்கச்சி, எத்தனை நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து "நல்லாப் பாரு, நல்லாப் பாரு" என்று கத்தியிருப்பேன்! அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. யாரோ ஓர் ஓவியர், எந்த ஊரோ, என் மகளை ஒரு தடவைகூடக் கண்ணால் கண்டிராதவர், அவள் கண்ணுக்குள் போய் உட்கார்ந்து அங்கே தெரிவதை அப்படியே வரைந்து என் கையில் கொடுத்திருக்கிறார். நான் அதன்மேல் 'படியில் நிற்கக் கூடாது' என்று எழுதி வைத்திருக்கிறேன். இப்படியும் ஒரு காரியத்தைத் தாளும் மையும் கொண்டு செய்ய முடியுமா? அந்தக் கொக்கிகளையும் புழுக்களையும் மறுபடி பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய்யில்லை.

அதன்பின் வாலு என்னை உட்கார வைத்து எல்லாப் புத்தகத்தையும் முதலிலிருந்து பார்க்க வைத்தாள். "எதிர் டீம்ல கோல் அடிச்ச பொண்ணோட காலைப் பாருங்கப்பா." பார்த்தேன். அவளுக்கும் செயற்கைக் கால்! தன்னைப்போல இன்னொருத்தியை முதன்முதலாகப் பார்த்த சந்தோஷத்தில்தான் அந்தக் கோல்கீப்பர் தோற்றும் சிரிக்கிறாள். அதைப்பற்றிப் பலூனில் ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் குண்டுப் பையனின் அப்பாவும் சும்மா திட்டவில்லையாம். வாய் திட்டும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் கட்டிய கையில் விரல்கள் தாளம் போடுகின்றன, ஒவ்வொரு பக்கத்திலும்! தெருவில் போகிற வண்டியில் ஒரு விளக்கு எரியாவிட்டாலும் கண்டுபிடிக்கிறவன் என்று பெயர் வாங்கிய எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எழுத்துக்கூட்டத் தெரியாத என் மகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பிரமித்துப்போனேன்.

அந்தப் பிரமிப்போடு மறுநாள் வேலைக்குப் போனது தவறு. ஓட்டிக் காட்ட வந்த ஒரு பெண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டிக் கண்ணாடி வழியே தெரு கட்டம் கட்டமாகத் தெரிந்தது. பால்கனியில் துணி உலர்த்துகிறவர், பள்ளிப்பை சுமக்கும் தகப்பன், ஒற்றைச் செருப்போடு ஓடும் குழந்தை என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கதை. அதில் மூழ்கி "நிறுத்துங்க" என்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் பாவம், நான் சொல்லாமல் நிறுத்தினால் தோல்வி போட்டுவிடுவேன் என்ற பயத்தில் ஊரின் மறுகோடி வரைக்கும் ஓட்டிவிட்டார். கடைசியில் தொண்டையைச் செருமி, "சார், இன்னும் போனா கடல்தான் சார்" என்றார். தேர்ச்சி போட்டேன். அன்று வந்தவர்களில் பாதிப்பேருக்குத் தேர்ச்சி. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, உடம்புக்கு ஏதாவது என்று விசாரித்தார்.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் பெட்டியை எடுத்துக்கொண்டு போ. வியப்பு வேறு, பரீட்சை வேறு. தலைமை ஆசிரியை படத்தைக் காட்டிக் கேட்கமாட்டார். படக்கதை வந்ததிலிருந்து பாடப்புத்தகத்தை இவள் தொடுவதே இல்லை. நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். வாலுவுக்கு இன்னும் வாசிக்க வராது. இந்த வருடமும் அதே வகுப்பிலேயே இருக்கட்டும் என்று நானே போய்ப் பள்ளியில் சொல்லிவிடப் போகிறேன். சொல்லும்போது எனக்கு எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். உன் அண்ணியிடம் இதுபற்றி இன்னும் பேசவில்லை. அவள் அந்தத் துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயத்தில் இருப்பதால் கூப்பிட்டால் எரிந்துவிழுகிறாள்.

நீயும் உன் வீட்டுக்காரரும் நோய் நொடி அண்டாமல், நினைத்த காரியம் கைகூடி, நூறாண்டு நிறைவாக வாழ அண்ணனும் அண்ணியும் மனதார வாழ்த்துகிறோம். பேனா விவகாரத்தை உன் மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வாயோ, அது உன் சாமர்த்தியம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் பொருட்படுத்தாதே. பெட்டியைத் தரமாட்டோம். பள்ளிக்கும் நான் போகப்போவதில்லை. நடந்தது இதுதான். கடித உறைக்குப் பசை தேடி உள்ளே போனேன். திரும்பி வந்தால் வாலு என் நாற்காலியில் இருக்கிறாள். கடைசித் தாளில் தன் பெயர் கண்ணில் பட்டுவிட்டதாம். ஒரு கெட்டி அட்டையில் கத்தரிக்கோலால் சின்னதாகச் சன்னல் வெட்டி, அதைக் கடிதத்தின்மேல் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தாள். "என்னடி இது?" என்றேன். "கட்டத்துக்குள்ள இருந்தா எழுத்து ஓடாதுப்பா. படக்கதையில அப்படித்தானே வச்சிருக்காங்க" என்றாள். ஐயோ, எதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம் என்று தாளைப் பிடுங்கப் போனேன். பின்னாலேயே வந்திருந்த உன் அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். வாலு தடுக்கினாள், பின்னால் போனாள், மறுபடி பிடித்தாள், ஒரு சொல்லுக்கு ஒரு கட்டமாக அந்தப் பக்கம் முழுவதையும் வாசித்தாள். 'வாலுவுக்கு இன்னும் வாசிக்க வராது' என்ற வரிக்கும் வந்தாள். அதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாக, ஒரு தப்பும் இல்லாமல் வாசித்து முடித்தாள். பிறகு அட்டையை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, இது தப்பு" என்றாள்.