மகாராணி ஏன் பறந்து போகவில்லை?

தனியாக இருப்பவர்களிடம் ஒருபோதும் "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டுவிடக் கூடாது. மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்து கொட்டும். நான் மாத்தளை நகரத்தில், ஒரு சிறிய மண்டபத்தில், நாற்பது பேருக்கு முன்னால் கொட்டினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு மாற்றலாகி வந்து ஒரு மாடியறையில் குடியிருந்தேன். அலுவலகத்தில் எல்லாரும் சிங்களத்தில் பகிடி விட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அது விளங்குவதற்குள் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பிவிடுவார்கள். என்னோடு மனம்விட்டுப் பேசிய ஒரே ஆள் வீட்டுக்காரி ரிஹானா ராத்தா. (இங்கே முஸ்லிம் வீடுகளில் ராத்தா என்றால் அக்கா.) அவருடைய கணவர் கட்டாரில், மகள் கலியாணம் முடித்து அக்குறணையில். இராச் சோற்றை இருவரும் கீழே ஒரே மேசையில்தான் சாப்பிடுவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்தான் என்னை வாசகர் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். புனைபெயரில் வந்திருந்த ஒரு ராஜா ராணிக் கதையைத் தலைவர் வாசித்தார். மகாராணியைக் கோட்டையில் விட்டுவிட்டு ராஜா கடல் கடந்து போகிறார். அவளிடம் பறக்கும் குதிரை ஒன்று இருக்கிறது. ஆனாலும் அவள் கோட்டைச் சாவியை மந்திரியிடம் கொடுத்துவிட்டு, வருடக்கணக்கில் ஜன்னலோரம் இருந்துகொண்டு அதற்குப் புல் போடுகிறாள்.

"கருத்துச் சொல்ல விருப்பமானவங்க சொல்லுங்க" என்றார் தலைவர்.

எழும்பினேன். "குதிரை நிக்குது, கதவும் திறந்து கிடக்குது. பிறகேன் மகாராணி போகேல்லை? குதிரைக்குக் காய்ச்சலோ?"

மண்டபம் சிரித்தது. மாத்தளையில் நான் சொல்லி யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்த ருசி பொல்லாதது.

"மந்திரி எதிரியின்ர ஒற்றன் எண்டு சமையல்காரனுக்கே தெரியும். அவனிட்டயே சாவியைக் குடுக்கிறா! இவவுக்குக் கிரீடம் எதுக்கு? கோமாளித் தொப்பியே போதும்!"

கைதட்டினார்கள். அந்தப் பெருமையோடு ராத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "எழுதினவங்க இங்கதான் இருக்காங்க. ரிஹானா, பதில் சொல்றீங்களா?"

ராத்தா ஜிப்பை இழுத்து மூடினார். "நேரமாச்சுங்க, அடுத்த கதைய வாசிங்க" என்றார்.

வீட்டுக்கு ஒரே ஆட்டோவில் வந்தோம். வழிநெடுக டிரைவர் மட்டும் பேசினார். அன்றைக்குக் கீழேயிருந்து "சாப்பிட வாங்க" என்ற குரல் வரவில்லை. சோறு மட்டும் மாடிப்படியில் மூடி வைத்திருந்தது, கோழிக்கறியோடு. கட்டிலில் இருந்து தனியே தின்றேன். (அழுதபடிதான். ஆனாலும் எலும்பைக்கூட விடவில்லை.)

காலையில் அந்தச் சோற்றுக் கோப்பையைக் கழுவி எடுத்துக்கொண்டு கீழே போனேன். விடிய விடிய ஒத்திகை பார்த்த மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தேன். ராத்தாவே முந்திக்கொண்டார்.

"குதிரை இருக்குதுதான், தங்கச்சி. ஏறிப் போய் எங்க எறங்குறது? அங்க யாரு காத்துக்கிட்டு இருக்காங்க?"

அவர் அடுப்புப் பக்கம் திரும்பி, இரண்டு பேருக்குப் பிளேன்டீ ஊற்றினார். அன்று இரவு மேசைக்குக் கூப்பிட்டார்.

போன வருடம் எனக்கு யாழ்ப்பாணத்துக்கே மாற்றல் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் ஒருவருக்கும் காரணம் விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை. கூட்டத்தில் விட்ட குதிரைப் பகிடியை மட்டும் சொல்லிவைத்தேன். இப்போதெல்லாம் தொலைபேசி எடுத்தவுடனே அம்மா கேட்கும் முதல் கேள்வி, "என்ன பிள்ளை, குதிரைக்கு இன்னும் காய்ச்சல் மாறேல்லையோ?"

பின்னால் அண்ணன் குடும்பம் முழுவதும் சிரிப்பது கேட்கும்.