பயோ காக்காவும் மாப்பிள்ளைப் பாடங்களும்

எங்கள் ஊரில் எந்தத் தகப்பனும் மகனுடைய மூளையைப் பார்த்து உயர்தர வகுப்புக்குப் பாடம் தெரிவுசெய்ததில்லை. பயோ காக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் செய்தார்கள். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்; இவர் கலியாணத் தரகர். பயோ, அதாவது உயிரியல், படித்து டொக்டராகப் போகும் பையன்களை மீசை முளைக்கும் முன்பே பேசி வைத்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

புதிய வகுப்புத் தொடங்கும் வாரம் பாடசாலை வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்பார். எந்தப் பிரிவில் கூட்டம், எதில் காற்றோட்டம் என்று நெல் வியாபாரி மாதிரிக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அறிவித்தார்:

"பயோவுல சனம் கூடிப்போச்சி. இனி ஊட்டுக்கு ஒரு டொக்டர் இரிப்பான், நோயாளிதான் இரிக்கமாட்டான். இனி கணக்குப் பாக்குற எக்கவுண்டன்தான் மாப்புள."

அவ்வளவுதான். வாப்பாமார் மகன்மாரைக் கையில் பிடித்து வர்த்தகப் பிரிவுக்கு இழுத்துப் போனார்கள். உயிரியல் வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளும் பின்னாலேயே போயின. அறுக்க ஆளில்லாததால் ஆசிரியர் தவளைகளை வாய்க்காலில் விட்டார்.

பாடசாலை அதிபர் வாசலுக்கே வந்துவிட்டார். "காக்கா, பள்ளிக்கூடத்த நடத்துறது நானா, நீங்களா?"

"நீங்கதான் சேர். நான் சும்மா பாத்துக்கிட்டு நிக்கன்."

அடுத்த வருடம் "எக்கவுண்டன் மலிஞ்சி போச்சி, மெத்ஸ் போங்க" என்றார். வாங்குகள் மறுபடி நகர்ந்தன.

கலைப்பிரிவை மட்டும் அவர் திரும்பியும் பார்த்ததில்லை. அதைப் படித்து நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது, உம்மாவிடம் துக்கம் விசாரிப்பதுபோல வந்து உட்கார்ந்தார். "கவலப்படாதீங்க ராத்தா, இவனுக்கும் ஒரு பொண்ணு கிடைக்காமப் போகாது."

பிறகு அவருடைய மகள் ஜெஸீமாவுக்கே அதே பேராதனைக் கெம்பஸ் கிடைத்தது. அதுவும் கலைப்பிரிவில். கெம்பஸ் போன பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்தான். மகள் போகலாமா என்று கேட்கவே பயந்து, சோறு தின்னாமல் கிடந்தாள். காக்கா என்ன செய்வார் என்று கடைத்தெரு காத்திருந்தது.

விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நான் ஒரு காலையில் பேப்பர் வாங்க பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். காக்கா தலையில் பெட்டியோடு வந்தார். பின்னால் மகள்.

தேத்தண்ணிக் கடைக்காரர் விடவில்லை. "என்ன காக்கா, ஆர்ட்ஸ் படிச்ச பொண்ண எந்த மாப்புளைக்குக் குடுக்கப் போறீங்க?"

"அவ படிக்கப் போறா. மாப்புளையப் பத்தி இப்ப ஆரு கதைச்ச?" என்றபடி பெட்டியை பஸ்ஸுக்குள் தள்ளினார்.

பஸ் போனதும் என்னிடம் வந்தார்.

"தம்பி, அங்க குளிரு கடுமையா?"

"ஓம் காக்கா. விடியக்குள்ள கொஞ்சம் இரிக்கும்."

வெயில் கொளுத்தும் கல்முனையில் அன்று முழுக்கக் கம்பளிச் சட்டை தேடி அலைந்தார். விடுமுறை முடிந்து நான் புறப்பட்டபோது, மகளிடம் சேர்க்கச் சொல்லி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். மஞ்சள் நிறம், ஆம்பிளை அளவு, ஜெஸீமாவைப் போல் இரண்டு பேர் உள்ளே நுழையலாம். பேராதனை வரைக்கும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். பெட்டிக்குள் போட மனம் வரவில்லை.