மூன்றாவது டைரக்டர்

என் அறையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று சபதம் செய்தேன். உயிரே போனாலும் சரி. உயிர் போனபிறகு அறை எதுக்கு என்று மனைவி கேட்பாள். அதனால் அவளிடம் சொல்லவில்லை.

அவள் வீட்டிலேயே பிஸ்கட் சுட்டு விற்கிறாள். சுடுகிற பெட்டிக்குப் பெயர் அவன். எங்கள் வீட்டில் நாள் முழுக்க உழைக்கிற ஒரே அவன் அதுதான். கடைகளிலிருந்து ஆர்டர் குவியவே, இன்னொன்று பெரிதாக வாங்க வேண்டும் என்றாள். சமையலறையில் இடமில்லை. அவள் கண் வாசல் பக்கத்து அறையில் போய் நின்றது.

அதுதான் என் அறை. ஆபீஸ் விட்டு வந்ததும் கதவைச் சாத்தி, முகத்தின்மேல் பேப்பரை விரித்துப் படுப்பேன். என்னை யாரும் எதுவும் கேட்காத இடம் இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

வியாபாரம் பெருகிவிட்டது, முறைப்படி பதிவு செய்யலாம் என்று அவளே பேச்செடுத்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சட்டதிட்டம் என் பிடியில் இருந்தால், எதை எங்கே வைப்பது என்பதும் என் பிடியில்தானே? அவளை ஆடிட்டரிடம் அழைத்துப் போனேன்.

அவர் மூன்று வழி சொன்னார். ஒருவர் பெயரில் மட்டும் நடத்தலாம், ஆனால் கடன் வந்தால் அது வீட்டுவரை வரும். அந்த ஒருவர் யாராக இருப்பார் என்று எனக்குத் தெரியும், வேண்டாம் என்றேன். இருவர் கூட்டு என்றால் ஒருவர் வாங்கும் கடன் மற்றவர் தலையிலும் விழும். இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் விஷயம் அந்தரத்தில் நிற்கும். எங்கள் வீட்டில் அந்தரத்தில் நிற்பதெல்லாம் கடைசியில் அவள் பக்கம்தான் விழும். அதுவும் வேண்டாம்.

மூன்றாவது, பிரைவேட் லிமிடெட் கம்பெனி. சட்டப்படி கம்பெனி ஒரு தனி ஆள், அதன் கடன் அதோடு, நம் பொறுப்புக்கு ஓர் எல்லை உண்டு என்றார். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. வீட்டில் நான் பல வருஷமாக அப்படித்தான் இருக்கிறேன். எல்லா முடிவும் டைரக்டர்கள் ஓட்டுப்படியாம்.

"மூணு டைரக்டரா இருந்தா இழுபறி வராது. மூணாவது யாரு?" என்றார் ஆடிட்டர்.

"எங்க அம்மா," என்றேன்.

யோசிக்கவே இல்லை. அன்று காலைதான் கொடியில் யார் துணி முதலில் காயவேண்டும் என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் மகாயுத்தம் நடந்திருந்தது. இனி அவள் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்று அம்மா சூளுரைத்திருந்தாள். கீரியும் பாம்பும் ஒரே பக்கம் ஓட்டுப் போடுமா?

மனைவியின் முகம் வாடிவிட்டது. "அத்தை வேண்டாங்க. எனக்கும் அவங்களுக்கும் ஒத்தே வராது."

"அம்மா இல்லேன்னா கம்பெனியே இல்ல."

"உங்க இஷ்டம்," என்று பெருமூச்சு விட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை அது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் கூட்டம் சாப்பாட்டு மேஜையில் கூடியது. புது அவனை வாசல் அறையில் வைப்பது என்று மனைவி தீர்மானம் கொண்டுவந்தாள். ஆதரவாக அவள் கை உயர்ந்தது. நான் புன்னகையோடு அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் கையைத் தூக்கினாள்.

"அம்மா, இது அவ யோசனை."

"அவ மட்டும் இல்லடா, ரெண்டு பேரும் சேர்ந்துதான் யோசிச்சோம். மாவு பிசையுறது நாங்க. அந்த ரூம்ல தூங்குறது நீ."

"அவ முகத்துலயே முழிக்க மாட்டேன்னியே?"

பதில் மனைவியிடமிருந்து வந்தது. "மூணு டைரக்டர் இருந்தா நல்லதுன்னு ஆடிட்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வெச்சிருந்தேன். அன்னிக்கு நாங்க சண்டை போடலேன்னா அத்தையை டைரக்டரா போட்டிருப்பீங்களா?"

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "கம்பெனிதான் தனி ஆளாச்சே. அதுக்கு எதுக்கு என் ரூம்?"

"தனி ஆள்தாங்க. அதனாலதான் தனி ரூம்."

"எதிர்ப்பு ஒரு ஓட்டுன்னு எழுதிக்கோம்மா," என்றாள் அம்மா மருமகளிடம். "சாமானையெல்லாம் இவனே காலி பண்ணிக் குடுத்துடுவான்னும் சேர்த்து எழுதிக்கோ."

அதற்கு மட்டும் ஓட்டெடுப்பு நடக்கவில்லை.