ஆரன் கேட்டால் குறுக்கே திரும்பும் மாடு

காவாந்தண்டலம்,
7-3-1961

மதிப்பிற்குரிய பத்திரிகாசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, காவாந்தண்டலம் விவசாயி தாண்டவராயன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும், தங்கள் அச்சகமும், இத்தனை படங்களைப் பார்த்த பிறகும் தங்கள் விமர்சகரும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே நான், என் மனைவி கோவிந்தம்மாள், ஒரு மாடு சுகம். இன்னொரு மாட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

'சினிமாவில் உங்களால் மறக்க முடியாத கார் துரத்தல் காட்சி எது?' என்று வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். சேலத்து வாசகர் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். ஏரிக்கரைமேல் வில்லன் கார் முன்னே பறக்க, கதாநாயகன் கார் பின்னே பறக்க, நடுவில் ஒரு வைக்கோல் வண்டி குறுக்கே வந்து நின்றபோது அவருக்கு மூச்சே நின்றுவிட்டதாம். பிறகு உட்கார்ந்து கடிதம் எழுதியிருப்பதால் மூச்சு திரும்பிவிட்டதென்று தெரிகிறது. அந்த வண்டி என்னுடையது. எனக்கு இன்னும் திரும்பவில்லை.

படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எடுத்தவர்களே அதை மறக்க முயன்று வருவதாகக் கேள்வி. போன வருஷம் உத்திரமேரூர் ஏரிக்கரைக்கு வந்து எடுத்தார்கள். பறந்ததாகச் சொல்லப்படும் கார்கள் இரண்டும், நடந்து வருகிறவனோடு பேசிக்கொண்டே வரக்கூடிய வேகத்தில்தான் வந்தன. கேமராவை மெதுவாகச் சுற்றினால் திரையில் வேகமாகத் தெரியுமாம். கதாநாயகர் வரவில்லை, அவருடைய சட்டை வந்திருந்தது. அதைத் தொப்பையுள்ள டிரைவர் ஒருவர் பொத்தான் போடாமல் மாட்டிக்கொண்டார். வில்லன் கார் பாதியில் நின்றுபோனதால் எங்கள் ஊர் முனியனும் இன்னும் மூன்று பேரும் குனிந்தபடி பின்னாலிருந்து தள்ளினார்கள். ஒரு கொடியவன் தப்பியோடத் துணை போனோமே என்ற வருத்தம் முனியனுக்கு இன்றுவரை உண்டு. என் வேலை, வைக்கோல் வண்டியை ஓட்டி வருவது. "ஆரன் சத்தம் கேட்டதும் வண்டி ரோட்டுக்குக் குறுக்கே திரும்பணும் பெரியவரே, அவ்வளவுதான்" என்றார் கம்பெனி மானேஜர். அந்த அவ்வளவை இரண்டு நாளில் பதினான்கு முறை எடுத்தார்கள். ஒரு முறை வெயில் போயிற்று, ஒரு முறை நாய் வந்தது, ஒரு முறை கேமராவுக்குள் பிலிமே இல்லை. சரியாகத் திரும்பிய ஒவ்வொரு தடவையும் வலப்பக்கத்து மாடு செவலைக்கு ஓர் அச்சு வெல்லம், எனக்கு ஒரு கலர் சோடாவும், "பலே, பொறந்த நடிகரய்யா நீங்க!" என்ற பாராட்டும். இடப்பக்கத்து மயிலைக்கு ஒன்றும் கிடையாது. அது செவலை போகிற பக்கம் போகும். சொந்த அபிப்பிராயம் இல்லாத பிராணி.

கம்பெனி போய்விட்டது. வெல்லம் செவலையின் மூளையில் தங்கிவிட்டது. அடுத்த வாரமே நெல்மூட்டையோடு மண்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் காஞ்சிபுரம் பஸ் ஹாரன் அடித்தது. வண்டி அழகாக ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி நின்றது. பஸ் ஒரு முழத் தூரத்தில் நின்றது. டிரைவர் அருள்தாஸ் தலையை நீட்டினார்.

"யோவ், இன்னா, ரோட்டுக்குக் குறுக்க வூடு கட்டப் போறியா?"

"நா இன்னாப்பா பண்றது? மாடு திரும்பிக்கினு பூடுச்சு."

"மாட்டுக்கு இன்னா, காஞ்சிபுரத்துக்கு டிக்கெட்டு வேணுமா?"

ஐந்தாவது தடவை அவர் சிரிக்கவில்லை. "தெனம் இதே பேஜாரா கீது. உள்ள அம்பது பேர் கீறாங்க. அடுத்த வாட்டி பிரேக் போட மாட்டேன், மாட்டாண்ட சொல்லி வெய்யி" என்றார். சொல்லி வைத்தேன். கேட்டுக்கொண்டது மாதிரிதான் இருந்தது.

பிறகு அந்தப் படம் உத்திரமேரூர் டூரிங் கொட்டகைக்கு வந்தது. உள்ளே இடமில்லை. வண்டியைப் படுதா ஓரமாக நிறுத்தி, கயிற்றைப் பிடித்தபடி மேலே உட்கார்ந்து, கிழிசல் வழியாக என்னை நானே பார்க்கக் காத்திருந்தேன். வந்தேன். இரண்டு விநாடி, முதுகு மட்டும். அதற்குள் ஒலிபெருக்கியில் ஹாரன் அடித்தது. வண்டி படுதாவைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்து, மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிதறி ஓட, திரைக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றது. திரையிலும் என் வண்டி, தரையிலும் என் வண்டி. "டேய், அங்க கீற வண்டி இங்க வந்துடுச்சுடா!" என்று ஒருவன் கத்த, கொட்டகையே கை தட்டியது. மறுநாள் ஆட்டத்தில் வண்டி வரவில்லையே என்று தகராறு செய்தார்களாம்.

விற்றுவிடலாமென்று சந்தைக்கு ஓட்டிப் போனேன். இந்தத் தாலுக்காவில் படம் பார்க்காதவன் ஒருவனும் இல்லை. கூரத்துத் தரகர் ஒருவர் மட்டும் பார்க்காதவர் போல விலை பேசத் துண்டுக்கடியில் விரலைக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, மறு கையால் மடியிலிருந்த ரப்பர் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினார். நான் கயிற்றோடு நிற்க, செவலை குறுக்கே திரும்பி நின்றது. தரகர் விரலை உருவிக்கொண்டார்.

இப்போது கேட்பவர் ஒருவர்தான்: அடிமாட்டு வியாபாரி. அவருக்கு மாடு எந்தப் பக்கம் திரும்பினாலும் கவலையில்லை. வெள்ளிக்கிழமை வருகிறார். செவலை எங்கள் தொழுவத்தில் பிறந்தது. கோவிந்தம்மாள் என்னோடு பேசுவதில்லை. தவிட்டுத் தொட்டியோடு பேசுகிறாள். "வெல்லம் துன்ன வெச்சவன் ஒருத்தன், சோடா குடிச்சவன் ஒருத்தன், கத்திக்குப் போறது மட்டும் இதுவா?" என்று தொட்டியைக் கேட்கிறாள்.

ஆகையால் தாங்கள் அந்தக் கம்பெனி விலாசத்தை மறு தபாலில் அனுப்ப வேண்டும். கற்றுக்கொடுத்தவர்களே வந்து, பதினான்கு முறை ஹாரன் அடித்து, பதினான்கு முறையும் வெல்லம் தராமல், மாட்டை மறக்கடித்துவிட்டுப் போகட்டும். மறக்க முடியாத காட்சி எது என்று கேட்டீர்கள். மறக்க முடியாமல் எங்கள் தொழுவத்தில் ஒரு ஜீவன் நின்றுகொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை நிற்கும்.

தங்கள் பத்திரிகை தழைத்து, சந்தாதாரர்கள் பெருகி, தங்கள் தெருவில் ஹாரன் சத்தமே கேளாமல் தாங்கள் நீடூழி வாழ வேண்டுமென்று விரும்பும்,

க. தாண்டவராயன்

பின்குறிப்பு (சனிக்கிழமை): வியாழனன்று எனக்குக் காய்ச்சல் வந்து, கடிதத்தைத் தபாலில் போட முடியவில்லை. செவலை போகுமுன் கடைசி நெல்லை மண்டியில் சேர்த்துவிட வேண்டுமென்று கோவிந்தம்மாளே வண்டி ஓட்டிப் போனாள். வழியில் அருள்தாஸ் பஸ் வந்தது. வழக்கத்தைவிட நீளமாக ஹாரன் அடித்தாராம். செவலை காதைக்கூட ஆட்டாமல் ஓரமாகப் போயிற்றாம். திரும்பும்போது ஒரு லாரி, அப்போதும் அப்படியே. வந்தவள் என் கட்டிலண்டை நின்றாள்.

"மாட்டு மேல ஒரு குத்தமும் இல்ல. ஆரன் கேட்டா கயித்த இஸ்க்கிறது நீதான்."

"நானா? நா எதுக்குடி இஸ்க்கிறேன்?"

"பலேன்னு சொன்னான் இல்ல அந்த கம்பெனி ஆளு, அதுக்கு."

நேற்று வந்த வியாபாரியை அவளே திருப்பி அனுப்பிவிட்டாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு போகும்போது அவர் என்னை ஏற இறங்க ஒருமுறை பார்த்தார். கயிறு இனி என் கைக்கு வராது. இன்று காலை வண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து போனேன். பஸ் ஹாரன் அடித்தது. வண்டி நேராகப் போயிற்று. கயிறில்லாத என் கைகள் மட்டும் வலப்பக்கமாக இழுத்தன.

விலாசத்தை எப்படியும் அனுப்பவும். மேலே குற்றம் சாட்டியுள்ள இடங்களிலெல்லாம் 'மாடு' என்பதை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டுக்கொள்ளவும்.