முட்டைப் பெட்டிக்கு லைசென்ஸ் தேடிய வகையில்

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள். நான் நலமில்லை.

நீங்கள் வக்கீல் என்பதால் எழுதுகிறேன். எங்கள் கம்பெனி கோழிமுட்டை பொரிக்கும் மின்சாரப் பெட்டி செய்வது உங்களுக்குத் தெரியும். பெட்டி பதினெட்டு நாள் முட்டைகளைத் திருப்பிக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு இருபத்தோராம் நாள் குஞ்சு வரும்வரை திருப்பாமல் சும்மா இருக்க வேண்டும். இன்று எத்தனையாவது நாள் என்பதைத் தன் ஃபிளாஷ் மெமரி என்னும் நினைவுச் சில்லில் எழுதி வைக்கும். அங்கே எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள ஃபைல் சிஸ்டம் என்று ஒரு மென்பொருள் வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸில் வில்லங்கம் இல்லை என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

மூன்று பார்த்தேன். முதலாவதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், நிபந்தனையே கிடையாது. ஆனால் கரண்ட் போய் வந்தால் அதற்கு எல்லாம் மறந்துபோய், ஓட்டை உடைக்கத் தயாராக இருக்கும் குஞ்சுகளை முதல் நாள் என்று நினைத்து மறுபடி உருட்ட ஆரம்பிக்கிறது. இரண்டாவது விலைக்கு வருவது, அருமையாக வேலை செய்கிறது, ஆனால் லைசென்ஸின் பதினோராம் பக்கத்தில் உயிர் காக்கும் கருவிகளில் பயன்படுத்தக் கூடாது என்றிருக்கிறது. முட்டைக்குள் இருப்பது உயிரா என்று கேட்டு எழுதினேன். "எங்கள் சட்டப் பிரிவு ஆலோசித்துக்கொண்டிருக்கிறது" என்று அவர்களிடமிருந்து பதில் வந்து நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. இதற்குள் இரண்டு ஈடு குஞ்சு பொரித்திருக்கலாம். மூன்றாவது இலவசம், கரண்ட் போனாலும் எதையும் மறக்காத கெட்டி. ஆனால் அதைச் சேர்த்து விற்றால், பெட்டி வாங்கியவர் கேட்கும்போது அதோடு ஒட்டிய எங்கள் புரோகிராம் முழுவதையும் கொடுத்துவிட வேண்டும். முதலாளியிடம் சொன்னேன். "பத்து வருஷமா பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன், தூக்கிக் கொடுக்கச் சொல்றியா? நீ எழுதினதுதானே, உனக்கே வலிக்கலையா?" என்றார். எனக்கு எல்லா இடமும் வலித்தது.

சோறு இறங்கவில்லை. "முட்டைய கோழிகிட்டயே விட்டுட்டா என்னங்க?" என்கிறாள் என் மனைவி. அழுகையாக வருகிறது அத்தான்.

எங்கள் புரோகிராமைக் கொடுக்காமல் மூன்றாவதைப் பயன்படுத்தச் சட்டத்தில் ஏதாவது சந்து உண்டா என்று பாருங்கள். நேர்மையான சந்தாக இருக்க வேண்டும். அடுத்தவர் உழைப்பை உரிமையில்லாமல் தொடுகிறவன் நான் அல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

அக்காவுக்கு என் அன்பு, மருமக்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமையை எண்ணி நடுங்கும் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுமுன், முதலாளி பொத்தி வைத்திருக்கும் அந்தப் புரோகிராமில் அப்படி என்னதான் இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி, அதாவது முதலாளி ஊரெல்லாம் மெச்சிக்கொள்ளும் பகுதி, வேறொருவர் எழுதியது. மூன்றாவதற்கு இருக்கும் அதே லைசென்ஸ்தான் அதற்கும். மேலே இருந்த அவர் பெயரையும் லைசென்ஸையும் அழித்துவிட்டு என் பெயரைப் போட்டிருக்கிறேன், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். ஆகவே சந்து தேட வேண்டாம். என்னை மைத்துனனாக நினைக்காமல் கட்சிக்காரனாக நினைத்து, எப்போது வந்து பார்க்கலாம் என்று மட்டும் எழுதுங்கள். அக்காவிடம் சொல்ல வேண்டாம்.