தண்ணீர் குடிக்காத மணிகள்

மார்ச் 3, செவ்வாய். இன்றைய தவறு: கலக்கி சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்ததில் சூட்டைக் குறிக்க மறந்தேன்.

எழுதிவிட்டு நாட்குறிப்பை மூடினாள் கனவு. மாலை வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். குடுவையின் வெந்நீரில் எண்ணெய்த் துளிகள் சுழன்று சுழன்று பிளாஸ்டிக் மணிகளாக இறுகும். அவளும் கூடவே எங்கோ மிதந்து போய்விடுவாள்.

மணிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு புட்டி நல்ல மணி கொடுத்தால் பகல் ஆய்வகத்தில் வேலை. இல்லையென்றால் இன்னொரு வருஷம் இதே பெஞ்சு.

அன்றைய மணிகள் கடுகளவில், வெள்ளை வெளேரென்று வந்திருந்தன. ஓட்டை இருந்தால் உறிஞ்சுமே என்று சிவப்பு மைத் தண்ணீரைச் சொட்டினாள். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடியது.

"ஓட்டையே விழல சார்."

"எண்ணெயில சேக்குற கரைப்பானைக் கூட்டிப் பாரு. அது வெளிய போற எடம்தானே ஓட்டை?" ஆசிரியர் விடைத்தாளிலிருந்து தலை தூக்கவில்லை.

புதன்கிழமை கூட்டினாள். தொட்டதும் மணிகள் மாவாக உதிர்ந்தன. அந்த மாவும் நனையவில்லை.

"வேகமா கலக்கட்டுமா சார்?"

"கலக்கு."

வேகமாகக் கலக்கியதில் தூசிதான் வந்தது. ஏழு தும்மல். வியாழக்கிழமை பயந்துபோய் வேகத்தைக் குறைத்தாள். போதாதென்று சூட்டையும் ஏற்றினாள். அந்த மெல்லிய சுழலில் மறுபடி சொக்கிப்போனாள். கண் விழித்தபோது எல்லாத் துளிகளும் ஒன்றாய்ச் சேர்ந்து, கலக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே கட்டியாக நின்றன.

தரை துடைக்க வந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது?"

"பிள்ளையார் பிடிக்கப் போனேன்கா. குரங்குகூட வரல."

"அதுக்கா அழுவுற?"

"மூணு நாளாக்கா! ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேங்குது."

"தண்ணி எப்படிக் குடிக்கும்?" அக்கா துடைப்பான் கம்பில் சாய்ந்துகொண்டாள். "செவ்வாக்கெழம நீ குப்பையில போட்டியே, அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி வாசனை எண்ணெய் ஊத்தி வெச்சேன். பாதி பாட்டில உறிஞ்சிட்டு, இன்னும் ஊத்துன்னு நிக்குது!"

மார்ச் 5, வியாழன். இன்றைய தவறு: எண்ணெயில் பிறந்ததற்குத் தண்ணீர் ஊட்டினேன். நாளைய வேலை: வகுப்புக்கு முன் அக்கா வீட்டுக்குப் போய் மணிகளைக் கேட்டு வாங்குவது. வாசனையோடு இருந்தாலும் சரி.